முன்வாசல் சொன்ன பதில்

4 அக்டோபர் 2025, சனிக்கிழமை
பூந்தமல்லி

இளங்கோ சார்,

கோளாறுகளைப் பதியும் டிக்கெட்டில் எழுதாமல் உங்களுக்குத் தனியாக மெயில் அனுப்புவதற்கு மன்னிக்கவும். டிக்கெட்டில் எழுதினால் ஊருக்கே போகிறது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் எனக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் வரும். இரண்டாவதை எதிரில் இருப்பவர் பேசிவிடுவார்.

நான் அருள்செல்வி. ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நம் கம்பெனி சார்பாக உட்கார்ந்திருப்பவள். அம்பத்தூர் ஆபீஸில் இன்டர்வியூ அன்று ஒருமுறை என்னைப் பார்த்திருக்கிறீர்கள். பெயரைத் தவிர வேறெதுவும் நினைவிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆயுத பூஜை லீவு முடிந்து நேற்று சென்டரைத் திறந்ததிலிருந்து பழைய ஸ்கேன் படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. புதிய படங்களும் கிளவுட் ஸ்டோரேஜுக்குப் போகாமல் மெஷினிலேயே தங்கிக் கிடக்கின்றன. எந்தக் கம்ப்யூட்டரில் கேட்டாலும் 'அனுமதி இல்லை' என்று ஒரே பதில். மற்றபடி இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது. ரிசப்ஷனில் சமையல் வீடியோகூட நிற்காமல் ஓடுகிறது.

நேற்று கான்ஃபரன்ஸ் காலில், சென்டர் மேனேஜர் டில்லிபாபு சார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீங்கள் சொன்னீர்கள்: "பெர்மிஷன்ல கடைசியா கை வெச்சது அந்தப் பொண்ணுதான், லாக்ல பேர் இருக்கு." யார் எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் அந்த லாகில் என் பெயர் இருப்பது உண்மை. வேலையை விட்டுப் போன டாக்டரின் பெர்மிஷனை நீக்கச் சொல்லி லீவுக்கு முந்தைய வாரம் மெயில் அனுப்பியது நீங்கள்தான். அவர் ஒருவரை மட்டும்தான் நீக்கினேன். உங்கள் மெயிலை இதனுடன் இணைத்திருக்கிறேன்.

இதை நேற்றே சொல்ல மைக்கை ஆன் செய்தேன். "சார், நான்" என்றேன். அதற்குள் மூன்று பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி ஆஃப் செய்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்கள். கோளாறு என்னால்தான் என்று ரிப்போர்ட் போய்விட்டால் அந்தக் கையெழுத்து வராது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றுகிறார். வீட்டில் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அருள்செல்வி


6 அக்டோபர், திங்கள்
அம்பத்தூர்

அருள்செல்வி,

மெயிலைப் படித்தேன். இவ்வளவு நீளமாக எழுதத் தெரிந்தவள் கான்ஃபரன்ஸில் ஒரு வரி பேசியிருக்கலாம்.

உன் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. கிளையன்ட் 'ஏன்' என்று கேட்கிறான். லாகைப் பார்த்தேன், இருந்த பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான். அந்தப் பெயர் என்னுடையதாக இருந்திருந்தால் என் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

ஸ்டோரேஜ் 'அனுமதி இல்லை' என்று சொல்கிறது. அப்படியென்றால் அனுமதி இல்லை. இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? ஒரு டாக்டரை நீக்கும்போது கூடவே வேறு எதுவோ போயிருக்கிறது. எல்லாருக்கும் பெர்மிஷனை மறுபடி கொடுத்துப் பார். வராவிட்டால் இன்னொரு முறை கொடு.

நான் வேறு நிறைய இடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு குடோன், ஒரு பள்ளிக்கூடம். எல்லாருக்கும் லீவு முடிந்த அன்றைக்குத்தான் வியாதி வருகிறது.

இளங்கோ


7 அக்டோபர், செவ்வாய்
பூந்தமல்லி

இளங்கோ சார்,

கொடுத்தேன். இன்னொரு முறையும் கொடுத்தேன். டாக்டருக்கு, டெக்னீஷியனுக்கு, எனக்கு, எல்லாருக்கும். ஒவ்வொன்றையும் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். பதில் மாறவில்லை. எனக்கு இருக்கும் அனுமதியை இப்போது பார்த்தால், ஸ்டோரேஜ் முழுவதையும் அழிக்கும் உரிமை வரை இருக்கிறது. ஒரு படத்தைத் திறந்து பார்க்கத்தான் முடியவில்லை.

டில்லிபாபு சார் மணிக்கொரு தரம் என் மேஜைக்கு வருகிறார். நின்றபடியே பேசுவார், உட்காரமாட்டார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பார்த்துட்டு இருக்கேன் சார்."

"நீ பாத்துகினே இரு. இங்க பேஷன்ட்டு என் மூஞ்சியப் பாத்துகினு கீறாங்க. உங்க ஆபீசுல பெரிய ஆளு யாரும் இல்லியா? கொழந்தைங்கள அனுப்பிட்டு அவுங்க ஏசில குந்திகினு கீறாங்களா?"

நான் எழுதுவதுபோல் பாவனை செய்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திருமழிசையிலிருந்து தாயம்மா என்று ஒரு அம்மா வருகிறார். போன வருடம் இங்கேதான் ஈரலில் ஒரு கட்டியை ஸ்கேன் எடுத்தார். இப்போது மறுபடி எடுத்தாகிவிட்டது. பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அந்த அம்மா தினமும் வந்து ரிசப்ஷன் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். இன்று என்னிடம், "என் படம் எங்க போச்சு கண்ணு?" என்றார். பத்திரமாக இருக்கிறது என்றேன். "பத்திரமா கீதுன்னா எடுத்துக் குடேன்" என்றார்.

நீங்கள் ஒருமுறை நேரில் வாருங்கள் சார். மெட்ரோ வேலையில் ரோடு எப்படி இருந்தாலும், அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வெளியூர் இல்லை. நான் தினமும் திருநின்றவூரிலிருந்து ரயிலில் ஆவடி, அங்கிருந்து பஸ்ஸில் பூந்தமல்லி என்று வருகிறேன். இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. எழுதியபின் படித்தால் அப்படித்தான் தெரிகிறது.

அருள்செல்வி


8 அக்டோபர், புதன்
அம்பத்தூர்

அருள்செல்வி,

வந்தேன். நீ இல்லை.

உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் மேஜைக்கு வரும் ஒயரையே என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். எல்லாப் படமும் திறக்கிறது. தாயம்மா படமும்தான். டில்லிபாபுவுக்குக் காட்டினேன். உடனே டீ வரவழைத்தான்.

ஆக, ஸ்டோரேஜில் கோளாறு இல்லை, இணைப்பில் கோளாறு இல்லை. உங்கள் கம்ப்யூட்டர்களில்தான் ஏதோ இருக்கிறது. படம் பிடித்து டிக்கெட்டில் போட்டு, டிக்கெட்டை மூடிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கான்ஃபரன்ஸுக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்குள் நீ பெர்மிஷனில் என்ன செய்தாய் என்பதை வரிசையாக எழுதி அனுப்பு.

இளங்கோ


9 அக்டோபர், வியாழன்
பூந்தமல்லி

இளங்கோ சார்,

நான் ஏன் இல்லை என்றால், நேற்றுக் காலை சென்டரின் ஆவடி கிளைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லி எனக்கு மெசேஜ் போட்டது நீங்கள். என்னை அங்கே அனுப்பிவிட்டு நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆவடியிலும் இதே பதில்தான் வருகிறது. அந்த ஊர்க் கம்ப்யூட்டர்களும் சேர்ந்து கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றால், சொல்லுங்கள், நம்ப முயற்சி செய்கிறேன்.

நீங்கள் போனதும் டில்லிபாபு சார் டாக்டரை உட்காரவைத்து, அவருடைய கம்ப்யூட்டரில் தாயம்மா படத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். திறக்கவில்லை. இன்று காலை நான் உள்ளே நுழைந்ததும், "உங்காளு லேப்டாப்பயாவது இங்க உட்டுட்டுப் போச் சொல்லு" என்றார். நீங்கள் மூடிய டிக்கெட்டை நான் மறுபடி திறந்திருக்கிறேன். கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும். இல்லை, இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வரிசையாக எழுதச் சொன்னீர்கள். பெர்மிஷனைப் பற்றி எழுத இனி எதுவும் இல்லை. வேறொன்றை எழுதுகிறேன்.

அதே நாற்காலி, அதே ஒயர், அதே ஸ்டோரேஜ். உங்கள் லேப்டாப்பில் திறக்கிறது, பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. காலையெல்லாம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் லேப்டாப் எங்கே இருந்தாலும் முதலில் அம்பத்தூர் ஆபீஸுக்குப் போய், அங்கே வழி கேட்டுத்தான் வேறெங்கும் போகும். எங்கள் கம்ப்யூட்டர்கள் அப்படியில்லை. அவை யாரிடம் வழி கேட்கின்றன?

அதனால் ஒரு கம்ப்யூட்டரில் ஸ்டோரேஜின் பெயரைக் கொடுத்து, இதற்கு முகவரி என்ன என்று மட்டும் கேட்டேன். பதிலாக வந்தது வெளி முகவரி. உலகத்தில் யார் கேட்டாலும் கிடைக்கும் முகவரி. நீங்கள் டிக்கெட்டில் போட்ட படத்தின் ஓரத்தில் அதே பெயருக்கு வேறு முகவரி இருக்கிறது. பத்து என்ற எண்ணில் ஆரம்பிக்கும், நம் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் உள் முகவரி.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அந்தத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பின்வாசல் மட்டும்தான். முன்வாசலில் போய் நின்றால், கையில் எந்தக் கார்டு இருந்தாலும் செக்யூரிட்டி சொல்வது ஒன்றுதான்: அனுமதி இல்லை. கார்டு சரியாகத்தான் இருக்கும். வாசல்தான் தப்பு.

நம் ஸ்டோரேஜுக்கு இன்டர்நெட் பக்கத்து முன்வாசலை மூடி, தனி இணைப்பு வழியாக மட்டும் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தது நீங்கள்தான். அந்தத் தனி வழியைச் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று லீவிலிருந்து சொல்லவில்லை. கம்ப்யூட்டர்கள் முன்வாசலில் போய் நிற்கின்றன. ஒரு வாரமாக நான் கார்டை அச்சடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வழியைச் சொல்வது எது சார்? நம் நெட்வொர்க் வரைபடத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். அதில் இல்லை.

அருள்செல்வி


9 அக்டோபர், மாலை
அம்பத்தூர்

அருள்செல்வி,

சரி.

ஸ்டோர் ரூமில் ரேக் இருக்கிறதல்லவா, அதன் அடித்தட்டில் பார். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் இருக்கும். ஸ்கிரீன், கீபோர்டு எதுவும் இருக்காது. உள் முகவரி அதற்குத்தான் தெரியும். சென்டர் கம்ப்யூட்டர்கள் முதலில் அதைக் கேட்கும். அது பேசாவிட்டால் இன்டர்நெட் கம்பெனிக்காரனைக் கேட்கும். அவன் வெளி முகவரியைத்தான் சொல்வான், அவனுக்குத் தெரிந்தது அதுதான். ஆவடியும் இதே பெட்டியைத்தான் கேட்கிறது.

வரைபடத்தில் தேடாதே. சென்டர் ஆரம்பித்த சமயத்தில் அவசரத்துக்கு வைத்தது. பிறகு ஒழுங்கான ஏற்பாடு செய்யலாம் என்று இருந்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்.

இளங்கோ


10 அக்டோபர், வெள்ளி
பூந்தமல்லி

இளங்கோ சார்,

விளக்கு எரியவில்லை, ஏனென்றால் பெட்டியே இல்லை. அடித்தட்டு சுத்தமாகத் துடைத்திருந்தது. ஒரு நெட்வொர்க் ஒயரும் ஒரு பவர் ஒயரும் அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சுருட்டலைப் பார்த்ததும் இது யார் கை என்று தெரிந்துவிட்டது. எங்கள் எலக்ட்ரீஷியன் வேம்புலி அண்ணன் எந்த ஒயரையும் அப்படித்தான் சுருட்டுவார்.

அவரைத் தேடிப் போவதற்கு முன்னால் என் போனில் பூஜை போட்டோவைத் திறந்தேன். பூஜையன்று எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தது நான்தான். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, ஆனால் பொரி கடலை வாங்கிக்கொள்வேன். சாமி படத்துக்கு முன்னால் ஸ்குரூடிரைவர், டெஸ்டர், துளைபோடும் மெஷின், ரிசப்ஷனின் பில் மெஷின், டில்லிபாபு சாரின் பைக் சாவி. அவற்றுக்கு நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திப்பூ சுற்றி, உங்கள் பெட்டி. ஒரு வாரமாக இந்த போட்டோ என் பையிலேயே இருந்திருக்கிறது. போட்டோவில் யாருக்குக் கண் மூடியிருக்கிறது என்றுதான் அன்று பார்த்தேன்.

வேம்புலி அண்ணனிடம் கேட்டேன்.

"அதுவா? ஒரே தூசும்மா. வருசா வருசம் உட்டுப்போவுதேன்னு இந்த வாட்டி தொடச்சி பொட்டு வெச்சேன்."

"திரும்ப ஏண்ணே மாட்டலை?"

"பூஜைல வெச்சத அன்னிக்கே எடுக்கலாமா? மறுநாள் லீவு. வெள்ளிக்கெழம எல்லாத்தியும் மாட்டினேன். இது இன்னா மிஷினுன்னே தெரியல. டிவி இல்ல, பட்டன் இல்ல, ஒரு பேரு ஒட்டல. மாட்டாமயே இன்டர்நெட்டு ஓடுச்சு, ஏசி ஓடுச்சு. சரி, எதோ ரிட்டயர் ஆன ஐட்டம் போலன்னு பத்திரமா பீரோ மேல வெச்சிட்டேன்."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமேண்ணே."

"மேனேஜராண்ட கேட்டேம்மா. 'அது கம்ப்யூட்டர் கம்பெனி சமாச்சாரம், அவன் வந்தா கேப்பான்'னாரு. புதங்கெழம உங்காளு வந்தாரே, டீ குட்சாரு, போனாரு. அவரே ஒண்ணியும் கேக்கல. எனக்கு இன்னா தெரியும்?"

பீரோ மேலே துணி விரித்து வைத்திருந்தார். பூ காய்ந்திருந்தது. இருவருமாக இறக்கி மாட்டினோம். பச்சை விளக்கு வந்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என் மேஜைக்கு ஓடிவந்து பெயரைக் கொடுத்து முகவரி கேட்டேன். பத்தில் ஆரம்பித்தது.

டாக்டர் தாயம்மாவின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டி வளரவில்லை, ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். அந்த அம்மா வெளியே வந்து, "பழசு மாதிரியேதான் கீதாம், இதுக்கா இத்தினி நாள் அலைய வெச்ச?" என்று என்னைத் திட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு சாத்துக்குடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெர்மிஷன்களை எல்லாம் பழையபடி குறைத்துவிட்டேன். அழிக்கும் உரிமை என்னிடம் இல்லை இப்போது.

அருள்செல்வி


11 அக்டோபர், சனி
அம்பத்தூர்

அருள்செல்வி,

நல்ல வேலை செய்தாய். சும்மா சொல்லவில்லை. என் கூட இருக்கும் பையன்கள் இன்னும் பெர்மிஷனைத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த போட்டோவை அனுப்பு. என் பெட்டிக்கு மாலை போட்டவன் அவன் ஒருத்தன்தான்.

ரிப்போர்ட் எழுதிவிட்டேன். முக்கியமான வரி இதுதான்: 'சென்டரின் ஒப்பந்த எலக்ட்ரீஷியன் முன் அனுமதியின்றி நெட்வொர்க் கருவியைக் கழற்றியதால் தடை ஏற்பட்டது.' உன் பெயர் எங்கும் இல்லை. பொய்யும் இல்லை, கழற்றியது அவன்தானே. பெட்டியை யார் வைத்தார்கள், வரைபடத்தில் ஏன் இல்லை என்றெல்லாம் அவர்கள் கேட்க ஆரம்பித்தால் கான்ட்ராக்டே ஆடும். அது உனக்கும் நல்லதில்லை.

உன் கன்ஃபர்மேஷன் தாள் என் மேஜையில் இருக்கிறது. செவ்வாய் கான்ஃபரன்ஸ் முடிந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அன்றைக்கு நான் பேசிக்கொள்கிறேன். நீ மியூட்டில் இரு, போதும்.

இளங்கோ


12 அக்டோபர், ஞாயிறு
திருநின்றவூர்

இளங்கோ சார்,

பாராட்டியதற்கு நன்றி. அந்த வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அதற்குக் கீழே இருந்ததைப் படித்துக் காட்டவில்லை.

வேம்புலி அண்ணன் ஏஜென்சி மூலமாக வேலை பார்க்கிறவர். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி போதும். டில்லிபாபு சார் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார், ஏஜென்சிக்கு ஒரு போன் செய்வார், மறுநாள் வேறு ஆள் வருவார். புது ஆளும் அந்த ரேக்கைத் துடைப்பார். பெட்டியில் பெயர் இல்லையென்றால் அவரும் அதையேதான் செய்வார்.

முன் அனுமதியின்றி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டார் சார். கேட்டபோது பதில் சொல்லத் தெரிந்தவர் சென்டரில் யாருமே இல்லை. நானும் அதில் அடக்கம். அந்தப் பெட்டி என்னவென்று எனக்கே நீங்கள் ஒன்பதாம் தேதிதான் சொன்னீர்கள்.

போன வாரம் முழுக்க என் பெயரை லாகில் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுகூட பக்கத்தில் இருப்பவர் அதைப் படித்திருப்பாரோ என்று தோன்றும். என் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பெயரைப் போட்டுத்தான் என் தாளில் கையெழுத்து வரும் என்றால், அந்தத் தாள் உங்கள் மேஜையிலேயே இருக்கட்டும். இதைத் தைரியமாக எழுதவில்லை. மூன்று முறை அழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் வைத்தது என்று நான் சொல்லப்போவதில்லை. நேராகக் கேட்டால் ஒளிக்கவும் மாட்டேன். சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: தனி வழியைச் சொல்லும் பெட்டி நம் வரைபடத்தில் இல்லை. அதன் மேல் பெயர் இல்லை. அது நின்றுவிட்டால் ஸ்டோரேஜ் 'அனுமதி இல்லை' என்று சொல்லும், நாம் எல்லாரும் அனுமதியைத் தேடுவோம். வரைபடத்தில் அதைச் சேர்த்து நேற்று உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெட்டியின் மேலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன், என்ன வேலை செய்கிறது, நின்றால் யாரைக் கேட்க வேண்டும் என்று தமிழிலும் எழுதியிருக்கிறேன். சந்தனத்தைத் துடைக்கவில்லை.

இந்த மெயிலை எழுத ஆரம்பித்தது வேறொன்றைக் கேட்பதற்காக. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் மியூட்டில் இருக்கமாட்டேன். "சார், நான்" என்று ஆரம்பிப்பேன். பிறகு நின்றுவிடுவேன், எப்போதும் அப்படித்தான் ஆகிறது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்காக நீங்கள் முடித்துவைக்கவும் வேண்டாம். வேறு யாராவது நடுவில் பேச வந்தால், அவள் இன்னும் முடிக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். இரண்டாவது வாக்கியம் வரும்.

அருள்செல்வி